நாலரை மார்க்

போன ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்து டர்ஃப் கால்பந்து மைதானத்தில் நான் இரண்டு கோல் போட்டேன். வயது அறுபத்தேழு. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன். இரண்டாவது கோலுக்கு மூன்று பேரைத் தாண்டினேன். எல்லாம் இருபத்தைந்து, முப்பது வயதுப் பிள்ளைகள், பக்கத்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். "சூப்பர் சார்!" என்று கைதட்டினார்கள். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன்.

அவர்களுடைய கோச் பிரவீன் ஒரு காலத்தில் என்னிடம் ஆடியவன். ஆட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது, "சார், டீமுக்கு ஆண்டு மலர் போடுறோம். நீங்க தீவுல கோச்சா இருந்த கதைய எழுதிக் குடுங்க," என்றான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இன்னொரு மேட்டரு சார். அந்த நீலச் சட்டைக்காரரு இவுங்களுக்கெல்லாம் மேனேஜரு. ஃபார்வர்டுலதான் ஆடுவேன்னு நிக்கிறாரு. ஒருத்தனும் அவராண்ட போயி பந்தைப் புடுங்க மாட்றான். அப்ரைசல் பயம். இதை இன்னான்னு சார் சொல்றது?"

சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது. "டேய், இதுக்குப் பதில் சொல்லணும்னா தீவுக் கதையத்தான்டா சொல்லணும்," என்றேன். அதனால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. பட்டாபிராமில் ரயில்வே லைன் ஓரத்து மண் தரையில் ஆட ஆரம்பித்தேன். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை வேலைக்கு எடுத்துக்கொண்டு தன் டீமில் தற்காப்பு ஆட்டக்காரனாக நிறுத்தியது. முட்டி தேய்ந்ததும் கோச்சிங் படித்து டிப்ளமோ வாங்கி, அதே டீமுக்குக் கோச் ஆனேன். பிறகு கம்பெனி டீமைக் கலைத்தது. அடுத்த வருஷம் ஒரு சிறிய தீவு நாட்டுக்குக் கோச் தேவை என்று தெரிந்து விண்ணப்பம் போட்டேன், கிடைத்துவிட்டது. விண்ணப்பித்தவன் நான் ஒருவன்தான் என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

"அங்க இன்னா கீது?" என்று கேட்டாள் என் மனைவி கஸ்தூரி.

"கடல்."

"அதுக்கு இன்னாத்துக்கு பிளேனு? ட்ரெயினு ஏறி பீச் ஸ்டேஷன்ல எறங்கினா போதாதா?" என்றாள். ஆனாலும் பையில் அவள்தான் நாலு பாட்டில் ஊறுகாய் வைத்து அனுப்பினாள்.

நாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பெயரைச் சொன்னால் ஆளையும் சொன்னதாகிவிடும். தலைநகரத் தீவை, அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு நடக்கிற நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். மைதானத்தின் ஒரு பக்கம் கடல். பந்தைத் தண்ணீருக்குள் அடித்தவனே நீந்திப் போய் எடுத்து வர வேண்டும் என்பது சட்டம். எங்கள் தடுப்பாட்டக்காரன் ரஷீத் விமான ஓடுதளத்தில் தீயணைப்பு வேலை பார்த்தான். சங்கு ஊதினால் பந்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடுவான். விமானம் இறங்கியதும் திரும்பி வந்து, விட்ட இடத்திலேயே நிற்பான்.

கால்பந்துச் சங்கத்தின் செயலாளர்தான் எனக்கு மேலதிகாரி. பிழைப்புக்குத் துறைமுக அதிகாரி. அவர் அறை படகுத்துறைக்கு மேலே இருந்தது. எதையும் பென்சிலால்தான் எழுதுவார். கடல் காற்றில் மை ஊறிப்போகும் என்பார். நாம் ஒரு விஷயம் சொன்னால் முதலில் ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்ப்பார், காற்று எந்தப் பக்கம் என்று. பிறகு பென்சிலைச் சீவுவார். 'முடியாது' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. முடியாது என்றால் டீ வரும். ஏலக்காய் போட்ட அருமையான டீ. கூட ஒரு பிஸ்கட்டும் வந்தால், இந்தப் பேச்சை இனி எடுக்காதே என்று அர்த்தம். டீ வராமல், "சரி, போய் வாருங்கள்," என்று எழுந்து நின்றாரானால் காரியம் முடிந்தது. இந்தக் கணக்கு புரிவதற்குள் நான் பதினைந்து டீ குடித்துவிட்டேன்.

புரியவைத்தவர் இஸ்மாயில் பாய். கரையான்சாவடிக்காரர். ஏ.சி. மெக்கானிக்காக வந்து பத்து வருஷமாக அங்கேயே இருந்தார். தீவு மொழி தண்ணீர் பட்ட பாடு. எனக்கு மொழிபெயர்ப்பாளர் அவர்தான்; ஊர் ஞாபகம் வந்தால் சண்டை போடுவதற்கும் அவர்தான்.

இனி ஹெட்மாஸ்டர்.

தீவில் இருந்தது ஒரே பள்ளிக்கூடம். அதன் ஹெட்மாஸ்டர்தான் டீமின் கேப்டன், நடு ஃபார்வர்டு. வயது முப்பத்தெட்டு. நேராக நிமிர்ந்து நடப்பார், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வருவார். முதல் நாள் பயிற்சி ஆட்டத்தில் அவர் பந்தை எடுத்துக்கொண்டு எட்டுப் பேரைத் தாண்டிப் போய் கோல் போட்டதைப் பார்த்து அசந்துவிட்டேன். அன்றைக்கே கஸ்தூரிக்கு ஃபோன் போட்டு, "இங்க ஒரு ஆளு கீறாரு பாரு, நம்ம ஊர்ல இருந்தா எங்கயோ போயிருப்பாரு," என்று பெருமையடித்தேன். முப்பது வருஷம் பந்தாட்டத்தோடு புரண்டவன் செய்யக்கூடிய தவறா அது? செய்தேன்.

மறுவாரம் துறைமுகத்துக்கு ஒரு சரக்குக் கப்பல் வந்தது. அதன் சிப்பந்திகளோடு ஒரு நட்பு ஆட்டம். ஹெட்மாஸ்டர் காலில் பந்து பதினொரு முறை வந்தது. பதினொரு முறையும் பறிபோனது. ஒவ்வொரு முறையும், பேசிக்கொண்டிருக்கும்போது நாற்காலியை இழுத்துவிட்டால் விழிப்பதுபோல் விழித்தார். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து வருத்தத்தோடு சொன்னார்: "மாலுமிகள் முரட்டு மனிதர்கள், மாஸ்டர். நம் பிள்ளைகளிடம் இருக்கும் பண்பு அவர்களிடம் இல்லை."

எனக்கு மண்டை குழம்பிவிட்டது. இஸ்மாயில் பாயைக் கேட்டேன். அவர் ஏ.சி. பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா கோச்சு, இதுகூட தெர்லயா ஒனுக்கு? டீம்ல கீற அத்தினி பேரும் அவராண்ட படிச்ச பசங்கோ. இந்தத் தீவுல அவரு கையால பெரம்படி வாங்காத உள்ளங்கை ஒண்ணு காட்டு பாப்போம். வாத்தியாராண்டருந்து பந்தைப் புடுங்குறதா? கனவுலகூட வராது. அவரு வந்தா இவனுங்கோ ஒதுங்கி வயி உடுவானுங்கோ. பதினஞ்சு வருசமா வயி உட்டுகினே கீறானுங்கோ."

"அவருக்குத் தெரியாதா?"

"யாரு சொல்றது? நீ சொல்றியா?"

யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். பத்து வாரத்தில் பக்கத்து நாட்டில் போட்டி. இந்த டீம் வெளிநாட்டில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. இந்த முறையும் வெறுங்கையோடு வந்தால் இனி டீமை அனுப்புவதில்லை என்று சங்கம் முடிவெடுத்திருந்தது. ரஷீத் மாதிரி இருபத்துமூன்று வயதுக்காரனுக்கு அதோடு எல்லாம் முடிந்தது. இன்னொரு பக்கம் ஹெட்மாஸ்டர்: ஊரே மதிக்கிற மனிதர், ஒரு பொய் சொல்லாதவர். அவரைச் சுற்றி ஊரே சேர்ந்து பதினைந்து வருஷமாக அன்பினால் ஒரு பொய்யைக் கட்டி வைத்திருந்தது. அதை நான் போய் இடிக்க வேண்டும்.

செயலாளரிடம் போய், "கேப்டனை மாற்ற வேண்டும்," என்றேன். கொடியைப் பார்த்தார். பென்சிலைச் சீவினார். டீ வந்தது. பிஸ்கட்டும் வந்தது.

"என் மூன்று பிள்ளைகளுக்கும் அவர்தான் ஹெட்மாஸ்டர்," என்றார் மெதுவாக. "எனக்கும் அவருடைய அப்பாதான் ஹெட்மாஸ்டர்."

மறுநாள் பயிற்சியில் பந்தைப் பறிப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தொழிற்சாலை டீமில் அதற்குத்தானே சம்பளம் வாங்கினேன். எதிராளி வரும்போது நேருக்கு நேர் நிற்கக் கூடாது, ஒருக்களித்து நிற்க வேண்டும். முட்டியை மடக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. ஓடுகிறவன் ஏதோ ஒரு அடியில் பந்தை ஒரு சாண் அதிகமாகத் தள்ளிவிடுவான். அந்த ஒரு சாண்தான் உன் சொத்து. அதுவரை பந்தையே பார். இடுப்பைப் பார்த்தாலும் பரவாயில்லை. முகத்தை மட்டும் பார்க்காதே. முகத்தைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் கால் நின்றுவிடும்.

இஸ்மாயில் பாய் கடைசி வாக்கியத்தை மொழிபெயர்த்தபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

பிறகு நானே பனியனைப் போட்டுக்கொண்டு ரஷீத் இடத்தில் நின்றேன். ஹெட்மாஸ்டர் பந்தோடு வந்தார், வழக்கம்போல் நிமிர்ந்தபடி. ஒரு சாண் தள்ளினார். எடுத்துவிட்டேன். வேலியில் சாய்ந்திருந்த மீன்காரர் கூடையை இறக்கி வைத்தார். ஹெட்மாஸ்டர், "இன்னொரு முறை," என்றார். எடுத்தேன். "இன்னொரு முறை." ஆறு முறை வந்தார், ஆறு முறையும் எடுத்தேன். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது, ஒரு முட்டி அரை முட்டி.

ஏழாவது முறை அவர் ஓடி வரவில்லை. நின்று என்னைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, வரிசையாக நின்ற தன் மாணவர்களைப் பார்த்தார். ஒருவன்கூட நிமிரவில்லை. அவர் பந்தைக் கையில் எடுத்துத் துடைத்து, நடுக்கோட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அந்த நடையைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

"இன்னா காரியம் பண்ணிட்ட கோச்சு," என்றார் இஸ்மாயில் பாய். மறுநாள் மீன்காரர் என்னைத் தாண்டிப் போனார். முடிவெட்டுகிறவர் கடை மூடியாயிற்று என்றார், கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே. மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது ரஷீத் ஓடி வந்தான். ஹெட்மாஸ்டர் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார், மாஸ்டரையும், அதாவது என்னையும்.

ஐந்தாம் வகுப்பு அறை. சின்னச் சின்ன பெஞ்சுகளில் தீயணைப்புக்காரன், போலீஸ்காரர், வங்கி குமாஸ்தா, படகோட்டிகள் எல்லோரும் முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்மாஸ்டர் கரும்பலகையில் ஒரு வரி எழுதினார். இஸ்மாயில் பாய் என் காதில் சொன்னார்: 'பந்து யார் காலில் இருந்தாலும் அதைப் பறிப்பேன்.'

நூறு தடவை எழுத வேண்டும். மீசை வைத்த ஆட்களெல்லாம் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினார்கள். ஹெட்மாஸ்டர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். ரஷீத் தொண்ணூற்றெட்டில் நிறுத்தியிருந்தான். எண்ணிக் கண்டுபிடித்து இன்னும் பத்து எழுத வைத்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கியது எனக்குத்தான் தெரியும்.

எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார். "தகுதி இல்லாத பையனை நான் மேல் வகுப்புக்கு அனுப்பியதில்லை, மாஸ்டர். நீங்களும் அப்படித்தான் என்று நம்புகிறேன். என் ஆட்டத்துக்குப் பத்துக்கு எத்தனை?"

"மூன்று," என்றேன்.

"பாஸ் மார்க்?"

"ஐந்து."

நாட்காட்டியைப் பார்த்தார். "ஒன்பது வாரம் இருக்கிறது," என்றார்.

அந்த ஒன்பது வாரம் என் தொழில் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலம். பையன்கள் அவரிடமிருந்து பந்தைப் பறித்தார்கள். ஆனால் ஒரு சங்கடம்: பறித்த உடனே நின்று, நெஞ்சில் கை வைத்து, "மன்னித்துக்கொள்ளுங்கள் சார்," என்பார்கள். அதற்குள் இன்னொருவன் வந்து பந்தைக் கொண்டுபோய்விடுவான். ஹெட்மாஸ்டர் கத்துவார்: "மன்னிப்புக் கேட்காதே, ஓடு!" நாளுக்கு முப்பது தடவை அந்தக் கத்தல் கேட்கும். மீன்காரர்கூட விற்கும்போது அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு மறுபடியும் மீன் கிடைத்தது.

ஹெட்மாஸ்டர் மட்டும் இருட்டும்வரை தனியாக ஓடினார். பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளப் பழகினார். முப்பத்தெட்டு வயதில் முதன்முறையாக நிஜமான ஆட்டம் ஆடினார். முன்னேற்றம் இருந்தது. போதுமா என்பதுதான் கேள்வி.

பட்டியல் கொடுக்க வேண்டிய நாளில் செயலாளர் அறைக்கு அவரும் வந்துவிட்டார். "மார்க் சொல்லுங்கள்," என்றார்.

"நாலரை."

செயலாளர் பென்சிலோடு என்னைப் பார்த்தார். நான் அவசரமாகச் சொன்னேன்: "எங்கள் ஊரில் நாலரை வந்தால் ஐந்தாகப் போட்டுவிடுவோம். கிரேஸ் மார்க்."

"எங்கள் பள்ளியில் கிரேஸ் மார்க் கிடையாது," என்றார் ஹெட்மாஸ்டர். சட்டைப் பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து, பென்சிலில் எழுதியிருந்த தன் பெயரைக் கோடு போட்டு அடித்தார். கீழே தண்ணீர்ப் பாட்டில் சுமக்கும் உதவியாளர் இடத்தில் எழுதிக்கொண்டார். செயலாளர் வெகுநேரம் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ வரவில்லை. எழுந்து நின்று, "சரி, போய் வாருங்கள்," என்றார்.

கப்பலில் பாதி டீம் வாந்தி எடுத்தது. முதல் ஆட்டத்தில் தோற்றோம், ஆனால் மானத்தோடு. இரண்டாவது ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. முடிய ஐந்தாறு நிமிஷம் இருக்கும்போது எதிர் டீமின் பெயர்பெற்ற ஃபார்வர்டு பந்தோடு வந்தான். ரஷீத் ஒருக்களித்து நின்றான். முட்டியை மடக்கினான். அந்த ஒரு சாணுக்காகக் காத்திருந்து எடுத்தான், பூப்போல. எடுத்தவன், பாழாய்ப்போனவன், நின்று நெஞ்சில் கை வைத்தான்.

பெஞ்சிலிருந்து தண்ணீர்ப் பாட்டில்கள் உருள ஹெட்மாஸ்டர் எழுந்து நின்று கத்தினார்: "மன்னிப்புக் கேட்காதே, ஓடு!"

அவன் ஓடினான். சங்கு ஊதினால்கூட அப்படி ஓடியதில்லை. அந்தக் கோடிவரை ஓடிப் பந்தைக் கடத்திக் கொடுக்க, வங்கி குமாஸ்தா கோல் போட்டார். ஜெயித்தோம். ஊர் திரும்பும்போது படகுத்துறையில் மொத்தத் தீவும் நின்றது. எல்லோரும் ஹெட்மாஸ்டரைத்தான் தோளில் தூக்கினார்கள், பாட்டில் பையோடு. டீமும் தொடர்ந்தது, என் வேலையும் இன்னும் ஆறு வருஷம் தொடர்ந்தது.

இவ்வளவையும் எழுதி முடித்து, பிரவீனுக்கு அனுப்புவதற்கு முன் கஸ்தூரியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கே போனாள்.

"போன ஞாயித்துக்கெயமை மூணு பேரைத் தாண்டினியா?"

"ஆமா. எழுதியிருக்கேனே."

"பட்டாபிராம் ஸ்டேஷன்ல மேம்பாலம் ஏற மூணு தபா நின்னு மூச்சு வாங்கிக்கினு கீற. நேத்து மாடில துணி எடுத்தாரச் சொன்னதுக்கு முட்டி வலின்ன. இருபத்தஞ்சு வயசுப் பசங்கோ மூணு பேரைத் தாண்டிக்கினு போனியா, கோச்சு?"

அந்த மூன்று பேரும் எப்படி நின்றார்கள் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். ஒருவனும் ஒருக்களித்து நிற்கவில்லை. ஒருவனும் முட்டியை மடக்கவில்லை. மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். மேனேஜரைப் பார்த்துச் சிரித்தேனே, நானே அல்லவா ஹெட்மாஸ்டர்!

கஸ்தூரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு முதலில் சுருக்கென்றிருந்தது. அரை மணி நேரம் பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டேன். பிறகு ஹெட்மாஸ்டருக்கு ஃபோனில் செய்தி அனுப்பினேன்; இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், தொடர்பு விட்டுப்போகவில்லை. நடந்ததைச் சொல்லி, எனக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன். 'நேரில் பார்க்காமல் மார்க் போடுவதில்லை' என்று பதில் வந்தது.

அதனால் கட்டுரையை அனுப்பாமல் ஒரு வாரம் வைத்திருந்து, நேற்று ஞாயிற்றுக்கிழமை மறுபடி அம்பத்தூர் போனேன். கஸ்தூரியும் வேடிக்கை பார்க்க வந்தாள். ஆட்டத்துக்கு முன் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, ஒருக்களித்து நிற்பது, ஒரு சாண், முகத்தைப் பார்க்காதது எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கிட்டயும் புடுங்கணும், அவர்கிட்டயும் புடுங்கணும்," என்று மேனேஜரைக் காட்டினேன். அவர் முகம் கொஞ்சம் வெளிறியது. "கவலப்படாதீங்க சார், மொதல்ல நான்தான்," என்றேன்.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் எனக்குப் பந்து வந்தது. எதிரே நித்யா. தென்காசிப் பக்கத்துப் பெண், கம்பெனியில் டெஸ்டிங் வேலை. ஒருக்களித்து நின்றாள். முட்டி மடங்கியிருந்தது. அவள் கண் பந்தை விட்டு மேலே வரவே இல்லை. நான் எத்தனை ஜாலம் காட்டியும் வரவில்லை. ஒரு சாண் தள்ளினேனோ இல்லையோ, பந்து காலில் இல்லை. நான் தடுமாறிப் பச்சைத் தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பதறிப்போய் நின்றுவிட்டாள். "ஐயோ, சாரி சார்! அடி பட்டிருச்சா சார்?"

"சாரி கேக்காத! ஓடு!" என்று கத்தினேன்.

ஓடினாள். மேனேஜர் குறுக்கே வந்தார், அவரையும் தாண்டி ஓடினாள். கோல் விழுந்தது. நான் இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். வலைக்கு வெளியே கஸ்தூரி எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.